நாப்பது சார் மிதித்த பிரேக்

வாயால் ஊதிப் பார்த்தால் மூன்று நொடியில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் அது. மெக்கானிக் அந்த மூன்று நொடியைச் செலவழிக்கவில்லை. அந்த வேலைக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தான், வலது கை முட்டியில் தோலை உரித்துக்கொண்டான், சாப்பாட்டை மறந்தான். ஊதி மட்டும் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவனை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே பாதிக் கதை வரைக்கும் வந்துவிடுவீர்கள். நல்லவன்தான். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அவனுக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார். இருபது வருஷமாக அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்காமல் கற்றுக்கொண்டவர்கள். திட்டத் தெரியாத மனுஷன். வேகமாக ஓட்டவும் தெரியாது. முள் நாற்பதைத் தொட்டதும் கால் தானாக மேலே வந்துவிடும். அதனால் ஊரே அவரை 'நாப்பது சார்' என்றுதான் கூப்பிடும். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

தங்கைக்கு மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை. தினமும் காலையில் அவர்தான் தன் சொந்தக் காரில் கொண்டுபோய் விடுவார். பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம். அந்தக் கார் கடைசி நாலு கிலோமீட்டரை இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டே ஏறும். பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடித்துக் களைத்துப்போய் அடிப்பதையே விட்டுவிடும்.

"மாப்ள, நீங்க ஓட்டுறது காரா கட்டிலா? ஏறி உக்காந்தாலே தூக்கம் வருது" என்பான் மெக்கானிக்.

"போய்ச் சேந்தாப் போதும் மச்சான்."

"போய்ச் சேருறதுக்குள்ள என் தங்கச்சிக்கு ரிட்டயர்மெண்ட் வந்துரும் போல."

தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். அவரும் சிரிப்பார். எஞ்சினை மாற்றலாம் என்று மெக்கானிக் சொன்னபோது வேண்டாம் என்றார். எஞ்சினைத் தொட வேண்டாம், மேனிஃபோல்டை மட்டும் மாற்றலாம் என்றபோதும் வேண்டாம் என்றார். "உங்களுக்குன்னு நான் ஒண்ணுமே செஞ்சதில்ல மாப்ள, இத செஞ்சு குடுக்குறேன்" என்றபோதுதான் தலையாட்டினார். வேண்டாம் என்று மூன்றாவது தடவை சொன்னால் மச்சான் மனசு நோகுமே என்றுதான் தலையாட்டினார். அது மெக்கானிக்குக்கும் தெரியும்.

மேனிஃபோல்ட் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எஞ்சின் மூச்சு வாங்கும் குழாய். ஒரு வாய் வழியாக வரும் காற்றை நாலு கையாகப் பிரித்து நாலு சிலிண்டருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். அவர் காரில் இருந்தது ஆயிரத்து அறுநூறு சிசி எஞ்சின். அதே கம்பெனி அதே அச்சில் கொஞ்சம் பெரிதாக இரண்டாயிரம் சிசி எஞ்சின் ஒன்றையும் செய்து வேறொரு காரில் போட்டிருந்தது. கூடப்பிறந்த எஞ்சின்கள். பெரியதன் மேனிஃபோல்டுக்குக் கை தடிமன், உள்வழி அகலம், வளைவு குறைவு. அதைச் சின்னதன்மேல் பூட்டினால் ஏற்றத்தில் மூச்சுத் திணறாது என்பது மெக்கானிக்கின் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை.

பழைய இரும்புக் கடையில் மூன்று வாரம் சொல்லிவைத்து அதை வாங்கிவந்தான். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின்மேல் வைத்துப் பார்த்தபோது எட்டு போல்ட் ஓட்டைகளும் இம்மி பிசகாமல் பொருந்தின. அவன் வாய்விட்டுச் சிரித்தான். காற்று போகும் துளைகள் மட்டும் ஹெட்டில் இரண்டு மில்லிமீட்டர் சின்னவை. இடையில் அடைப்பாக வரும் புது கேஸ்கட்டை வைத்து நீலக் கோடு போட்டு, கை கிரைண்டரால் அந்த இரண்டு மில்லிமீட்டரையும் மயிரிழை மயிரிழையாக ராவி எடுத்தான். துளைகளுக்குள் தூள் விழக்கூடாது என்று துணி அடைத்தான். உள்ளே போன துணி நாலு, வெளியே வந்த துணி நாலு என்று எண்ணிப் பார்த்தான். அவ்வளவு கண்ணும் கருத்துமாகச் செய்த வேலை.

பிரேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று மேனிஃபோல்டில் மாட்ட வேண்டியிருந்தது. பெரிய மேனிஃபோல்டோடு வந்த ஹோஸ் நாலு விரல் கட்டை. காய்ந்து விறகு மாதிரி ஆகியிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு முடிச்சு வேறு. ஏதோ இணைப்பு என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டான். தங்கை வீட்டுக் காரின் சொந்த ஹோஸை எடுத்துச் செருகினான். அளவெடுத்துச் செய்த மாதிரி ஏறி உட்கார்ந்தது.

வண்டியை அவனே ஓட்டிப் பார்த்தான். கடைத்தெரு நெரிசலில் இருபது தடவை பிரேக் பிடித்தான். வெண்ணெய் மாதிரி பிடித்தது. சாவியைக் கொடுத்தபோது தங்கை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எங்கண்ணன் கைன்னா கைதான்" என்றாள்.

பதினோராம் நாள் காலை, மலைப்பாதையில், நாப்பது சாரின் கார் ஒரு சரக்கு லாரியை முந்திப்போய், மேட்டைத் தாண்டியதும் குறுக்கே நின்றிருந்த மண் அள்ளும் வண்டியின்மேல் மோதியது.

அவருக்கு நெற்றியில் ஏழு தையல். அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்து ஆறு திருகு போட்டார்கள்.

ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? "நாப்பது எம்பதாயிடுச்சு போல" என்றார்கள். டிரைவிங் வாத்தியாருக்கு ஓட்டத் தெரியவில்லை என்பது நாலு நாளைக்கு எல்லோருக்கும் தின்பண்டம். லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நொறுங்கிய கார் மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது. எஞ்சின் ஓடுகிற நிலையில் இல்லை. மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்றிக் காட்டினான். பிரேக் ஆயில் இருக்கிறது, பேட் தேயவில்லை, குழாய் எங்கேயும் கசியவில்லை. பெடலை மிதித்துப் பார்த்தான்.

"கல்லு மாதிரி நிக்குது சார். பிரேக்ல ஒரு குத்தமும் இல்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். பக்கத்தில் தலைக்கட்டோடு நின்ற நாப்பது சார் அதற்கும் தலையாட்டினார். மெக்கானிக்குக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் நத்தை மாதிரி ஓட்டிவிட்டு, கொஞ்சம் இழுவை கிடைத்ததும் தலைகால் புரியாமல் போய்விட்டதே இந்த மனுஷனுக்கு என்று பல்லைக் கடித்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தாள். புருஷன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாள். "என்னப் பக்கத்துல வச்சுக்கிட்டே பந்தயம் விட்டாரு. இனிமே அவருகூட ஒரு வீட்டுல எப்படி இருக்குறது?" என்று எல்லோரிடமும் சொன்னாள். அவர் தினம் சாயங்காலம் நடந்தே வருவார். கார் சாவியைத் தொடுவதையே விட்டுவிட்டார். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று மெக்கானிக்கின் மனைவியிடம், "இன்னிக்கு வலி எப்படி இருக்காம்?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். ஐந்து வாரம் இப்படியே ஓடியது. லைசென்ஸ் விசாரணை வெள்ளிக்கிழமை என்று கடிதம் வந்தது. அவர் தன் தப்புத்தான் என்று எழுதிக் கொடுக்கப்போகிறார் என்று பேச்சு.

அந்த வாரம் புதன்கிழமை, ஒரு ஃபோட்டோகிராஃபர் அதே மாடல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாப்பது சார் கார் ஏற்றத்தில் பறந்ததை முன்பே பார்த்தவர். "எனக்கும் அதே மாதிரி மேனிஃபோல்ட் போட்டுக் குடுங்க. ஓட்டத் தெரியாதவங்க மோதுனா அதுக்கு வண்டி என்ன பண்ணும்?" என்றார். மெக்கானிக்குக்கு அந்தப் பேச்சு தித்தித்தது. ஒத்துக்கொண்டான்.

அந்தக் காரின் பழைய மேனிஃபோல்டைக் கழற்றி, மற்ற வாய்களைத் துணியால் அடைத்துவிட்டு, தூசு போக அதன் ஒரு கைக்குள் கம்ப்ரஸர் காற்றை அடித்தான். பிரேக் ஹோஸ் மாட்டும் மூக்கில் விரலை வைத்தான். காற்று வரவில்லை. கரி அடைத்திருக்கும் என்று மெல்லிய கம்பியை உள்ளே விட்டான். கம்பி எதன்மேலோ பட்டு மெத்தென்று திரும்பி வந்தது.

ஸ்பிரிங்.

அந்த மூக்கை வாயில் வைத்து ஊதினான். காற்று உள்ளே போனது. உறிஞ்சினான். நாக்கு ஒட்டிக்கொண்டது, ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. மறுபடி ஊதினான், மறுபடி உறிஞ்சினான். அப்புறம் பக்கத்தில் இருந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இதுதான். பிரேக் மிதிக்கிற காலுக்கு ஒரு துணை உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தில் கொஞ்சத்தை ஒரு தகர டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் மெதுவாக மிதித்தால் அது சேர்ந்து பலமாக மிதிக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுக்கி ஏற்றம் ஏறும்போது எஞ்சினின் உறிஞ்சல் செத்துப்போகும். அந்த நேரம் டப்பாவில் பிடித்து வைத்தது பின்பக்கமாக ஓடிவிடாமல் இருக்க ஒருவழி வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். சின்ன எஞ்சினில் கம்பெனிக்காரன் அதை மேனிஃபோல்டின் மூக்குக்குள்ளேயே வைத்துவிட்டான். பெரிய எஞ்சினில் ஹோஸின் நடுவில் வைத்தான். அந்தக் கறுப்பு முடிச்சு! மெக்கானிக் எடுத்தது பெரியதன் மேனிஃபோல்ட், சின்னதன் ஹோஸ். இரண்டிலும் வால்வு கிடையாது.

கடைத்தெருவில் இருபது தடவை பிடித்தால் வெண்ணெய் மாதிரித்தான் பிடிக்கும். முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது சட்டென்று மிதித்தால் மட்டும், முதல் ஒன்றரை நொடி பெடல் சுவராக நிற்கும். மலைமேட்டில் ஒன்றரை நொடி என்பது முப்பது நாற்பது அடி இல்லை, அதற்கும் மேலே.

எழுந்து ஷெட்டுக்குப் பின்னால் போனான். நொறுங்கிய காரின் ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்டின் மூக்கில் வாய் வைத்தான். ஊதினால் போனது. உறிஞ்சினால் வந்தது. ஹோஸையும் ஊதினான். புல்லாங்குழல் மாதிரி தடையில்லாமல் போய்வந்தது.

"அடப்பாவி" என்றான். தன்னைத்தான் சொன்னான்.

இனிமேல் அவன் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. உள்ளே போனான். உதிரி டப்பாவில் தேடி ஹோஸின் நடுவில் போடும் ஒருவழி வால்வு ஒன்றை எடுத்தான். பழையதாகப் பார்த்து எடுத்தான். நொறுங்கிய காரின் ஹோஸை நடுவில் வெட்டி, அந்த வால்வைச் செருகி, இரண்டு கிளிப் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸும் தூசும் தடவினான். ஐந்து நிமிஷம். இனி யார் வந்து பார்த்தாலும் பிரேக்கில் ஒரு குற்றமும் கிடையாது. மாப்பிள்ளைதான் எப்படியும் தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறாரே, ஷெட்டுக்கும் பூட்டு விழாது, தங்கையும் தன்னை வெறுக்கமாட்டாள் என்று மனசு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொடுத்தது. ஃபோட்டோகிராஃபருக்குப் போன் பண்ணி, "இந்த வேல நான் செய்யல சார், பழசையே மாட்டித் தர்றேன்" என்றான். அதற்கு மட்டும் புத்தி வந்தது.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனான். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவனை மனைவி பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

முன்னறைக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த தங்கை அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணி, அவன அரிக்காதீங்க. எனக்காக அலைஞ்சு அலைஞ்சு பாதியாப் போயிட்டான். இவன் மட்டும் இல்லன்னா நான் இந்நேரம் நடுத்தெருவுல."

மெக்கானிக் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டான். அன்று சாயங்காலம் நாப்பது சார் கேட்டில் வந்து நின்றபோது, அவன் பின்பக்கம் துணி காய்கிற இடத்தில் போய் நின்றுகொண்டான். கேட்டில் அவர் குரல் கேட்டது. "இன்னிக்கு வலி எப்படி இருக்காம்?"

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நாப்பது சார் நடந்து வந்தார். கையில் ஆஸ்பத்திரிக் கவர் ஒன்று.

"மச்சான், ஒரு உதவி. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்ள."

"ஏதாவது ஒரு வண்டி குடுங்க. ஓட்டுறதுக்கு இல்ல. நிக்குற வண்டியில பிரேக்க மட்டும் மிதிச்சுப் பாக்கணும்."

"எதுக்கு?"

அவர் கவரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "நரம்பு டாக்டரப் பாத்தேன். கால்ல ஒண்ணும் இல்லங்கறாரு. எனக்கு நம்பிக்க வரல. அன்னிக்கு என் காலு வேல செய்யல மச்சான். மிதிச்ச மாதிரிதான் எனக்குத் தோணுச்சு, ஆனா மிதிக்கலயே? நீங்கதான் பிரேக்ல குத்தமில்லன்னீங்க. அப்ப குத்தம் என் கால்லதான இருக்கணும்? தினம் வீட்டுச் சுவத்துல கால வச்சு அமுக்கிப் பாக்குறேன். அமுங்குற மாதிரித்தான் இருக்கு. ஆனா இத நம்பி இன்னொருத்தர் பிள்ளைய எப்படி நான் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டச் சொல்லிக் குடுக்குறது? நாளைக்கு லைசென்ஸ நானே குடுத்துர்றேன்னு எழுதி வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ மிதிச்சுப் பாத்துரலாம்னு."

சொல்லிவிட்டு, தொந்தரவு கொடுத்துவிட்டோமோ என்பது போல லேசாகச் சிரித்தார். இந்த மனுஷன் தன் காலையே சந்தேகப்பட்டு, தினம் ஒரு சுவரை மிதித்துக்கொண்டிருக்கிறாரே! மெக்கானிக் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைத்தான்.

"வாங்க மாப்ள."

ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனான். முந்தின நாள் தான் முறுக்கிய கிளிப்புகளைத் தானே கழற்றினான். வால்வை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தான். "இது நேத்து மத்தியானம் நான் போட்டது. அன்னிக்கு இது வண்டியில இல்ல. இல்லாம நான்தான் குடுத்தேன்" என்றான். அப்புறம் ஒன்றுவிடாமல் சொன்னான். மூக்குக்குள் இருந்த வால்வு, குப்பையில் போட்ட கறுப்பு முடிச்சு, அதிகாரியிடம் சொன்ன பொய்யில்லாத பொய், நேற்றுத் தடவிய கிரீஸ் வரைக்கும். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேனிஃபோல்டையே பார்த்துச் சொன்னான்.

அறைவார் என்று நினைத்தான். அறைந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தான்.

நாப்பது சார் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் வைத்து ஊதினார். திருப்பி வைத்து ஊதினார், போகவில்லை. பிறகு தன் வலது காலைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் மிதிச்சேன்" என்றார்.

"மிதிச்சீங்க மாப்ள."

"சரியான நேரத்துல?"

"சரியான நேரத்துலதான்."

அவர் அப்படியே தரையில் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழுதார். கோபத்தில் ஒரு வார்த்தை வரும் வரும் என்று மெக்கானிக் காத்திருந்தான். வரவே இல்லை. அது அறையைவிடக் கொடுமையாக இருந்தது.

"நாளைக்கு நான் வந்து அந்த ஆபீஸ்ல சொல்றேன். எழுதியே குடுக்குறேன். ஷெட்டப் பூட்டுனாப் பூட்டட்டும்."

அவர் தலையாட்டினார். வேண்டாம் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

"இப்பவே வீட்டுக்கு வாங்க மாப்ள. தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு ஆமான்னு சொல்றேன்."

"நான் சொல்லமாட்டேன் மச்சான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஒரு தடவ சொல்லிட்டேன்."

"எப்ப?"

அவர் வால்வை இவன் கையில் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கவரையும் அங்கேயே மறந்துவிட்டு நடந்து போனார்.

மெக்கானிக் கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குப் போனான். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கையின் கட்டில் ஓரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் இரண்டாவது தடவை சொன்னான். முதல் தடவை சொன்னதைவிட இது பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது. அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றுபோனது.

தங்கை கத்தவில்லை. போர்வை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இப்பத்தான் சொல்லிட்டு வர்றேன்."

"என்ன சொன்னாரு?"

"அழுதாரு. உங்கிட்ட வந்து சொல்லுங்கன்னேன். ஒரு தடவ சொல்லிட்டேன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலம்மா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உடம்பைத் திருப்ப முடியாது, இடுப்பில் திருகு. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"லாரிய முந்துங்கன்னு சொன்னது நான்தாண்ணே. அவரு மாட்டேன்னாரு. எங்கண்ணன் எதுக்கு இதப் போட்டுக் குடுத்துருக்கான், பூசை பண்ணவா, அமுக்குங்கன்னு நான்தான் சொன்னேன். அமுக்குனாரு. மேட்டுல அந்த வண்டியப் பாத்ததும் மிதிச்சாரு. நான் பாத்தேன். சீட்ட விட்டு எந்திரிச்சே மிதிச்சாரு. எறங்கல எறங்கலன்னு கத்துனாரு."

மெக்கானிக் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கி இழுத்தான்.

"ஆம்புலன்ஸ்ல என் கையப் புடிச்சுக்கிட்டு, பிரேக் எறங்கலம்மான்னு திரும்பச் சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கண்ணன் கை வச்ச வண்டியில பிரேக் புடிக்காமப் போகாது, உங்க கையாலாகாத்தனத்துக்கு அவன இழுக்காதீங்கன்னேன். அந்த வலியிலயும் உன்னத்தான் தாங்குனேன். அதுக்கப்புறம் அவரு அந்தப் பேச்சையே எடுக்கல. நான் சொன்னத நம்பிட்டாரு அண்ணே. கண்ணால பாத்த நானே இல்லன்னா, அவரு என்ன பண்ணுவாரு?"

"தப்பு என்னோடதும்மா."

"உன் தப்ப நாளைக்கு நீ அந்த ஆபீஸ்ல சொல்லிருவ. எழுதிக்குவாங்க, பூட்டு போடுவாங்க, முடிஞ்சுது. நான் பண்ணத நான் எந்த ஆபீஸ்ல போய்ச் சொல்றது?"

கிரீஸ் கையோடு அவள் தலையைத் தொடப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"போன் போடு" என்றாள்.

போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்க மச்சான்" என்ற குரல் வெளியே கேட்டது. அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"நான் பாத்தேங்க" என்றாள். "நீங்க மிதிச்சத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்."

இணைப்பு துண்டாகிவிட்டதோ என்று மெக்கானிக் எட்டிப் பார்த்தான், திரையில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் அவர் குரல் வந்தது. ஐந்து வாரமாகக் கேட்டுக்கு வெளியே நின்று அடுத்தவரிடம் கேட்டதை, முதல் தடவையாக அவளிடமே கேட்டார்.

"வலி எப்படி இருக்கு?"

அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். மெக்கானிக் எழுந்து வெளியே போய் நின்றான்.